மீட்டர் கத்தவில்லை

ஜூலை 1, திங்கள்

காலையில் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் தங்கராசு வந்து தன் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். பதினொரு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு இருபது நிமிடம் தாமதம். "எந்தெந்த நாளு மக்கர் பண்ணுதுன்னு எழுதி வைங்கக்கா. அப்பத்தான் எனக்கு ஒரு பிடி கெடைக்கும்" என்றார். அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். ஆறு வருடம் முன்பு நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடியபோது கடைசியாகக் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. கிழமைகள் மட்டும் ஒத்துவரவில்லை, அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஸ்டார்ட் ஆனது.

ஜூலை 3, புதன்

ஆனது. கம்பு அரைத்து வந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ஆனது.

பள்ளிக்கூட வாசலில் மற்ற வேன்காரர்கள் பிள்ளைகள் போடும் கூச்சலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியில் சத்தமே இருக்காது என்றேன். மயில்சாமி நம்பவில்லை. "நெம்ப அதட்டுவீங்களோ" என்று கேட்டார். நான் அதட்டுவதே கிடையாது. நல்ல பிள்ளைகள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் தேங்காய் நார் மில் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தார். குக்கர் வைத்திருந்தேன். போய்ப் படுங்கள் என்றால் கேட்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரே அணைத்துவிட்டுத்தான் எழுந்தார். போன வருடத்திலிருந்து இப்படித்தான். வயதாக ஆக ஆண்களுக்குச் சமையல்கட்டின் மேல் பிரியம் வந்துவிடும் போல.

ஜூலை 8, திங்கள்

ஆகவில்லை. பேட்டரி சித்திரையில்தான் புதிதாகப் போட்டது. தங்கராசுவை மறுபடி கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

இன்னொன்று. யூகேஜி படிக்கும் தன்ஷிகா வண்டியிலேயே வாந்தி எடுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் போய்க் கதவைத் திறந்த பிறகுதான் பார்த்தேன். யூனிபார்ம் எல்லாம் நனைந்து, அழுது ஓய்ந்திருந்தாள். "ஏங்கண்ணு ஆன்ட்டிகிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். துடைத்துவிட்டு, என் துண்டைச் சுற்றி டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நாள் முழுக்க மனசு சரியில்லை.

ஜூலை 9, செவ்வாய்

டைரியைத் தங்கராசுவிடம் காட்டினேன். இரண்டு திங்கள்கிழமைதான் எழுதியிருக்கிறேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் போன மாதமும் திங்கள்தான். "சனி ஞாயிறு வண்டி சும்மா நிக்குதுல்லீங்கக்கா, அப்ப ஏதோ ஒண்ணு உக்காந்து கரண்டத் தின்னுட்டு இருக்குது" என்றார். அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வைத்து ஃப்யூஸ் ஃப்யூஸாகப் பார்க்க வேண்டுமாம். அரை நாள் வேலை. அவருக்கு டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன.

"நீங்களே ஒரு மீட்டரு வாங்குங்க. இருவத்தோரு வருசம் மில்லுல நூல் நூக்கற ரிங் ஃபிரேம் ஓட்டினவங்க, இது ஒரு வேலையா?"

அப்படிச் சொன்னது பிடித்திருந்தது.

ஜூலை 13, சனி

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஷாநவாஸ் என்பவர் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கிறார். மல்டிமீட்டர் என்றதும் மூன்றை எடுத்து வைத்தார். சோப்புப்பெட்டி அளவில் மஞ்சளாக ஒன்று. உள்ளங்கையை நிறைக்கும் கறுப்பு ஒன்று. வாய் திறந்து ஒயரைக் கவ்விப் பிடிக்கும் பெரியது ஒன்று.

"எதுக்குங்கக்கா, வீட்டு ஒயரிங்கா?"

"வேனுக்கு. பேட்டரி எறங்குது."

உடனே மஞ்சளை ஓரமாகத் தள்ளிவைத்தார். அதில் பத்து ஆம்பியர் ஓட்டைக்குள் ஃப்யூஸ் கிடையாதாம். தெரியாமல் ஒயரை அதில் செருகிக்கொண்டு பேட்டரியில் வைத்தால் ஒயர் சிவந்து கையைச் சுட்டுவிடும் என்றார். "பேட்டரி பன்னெண்டு வோல்ட்டுதானேன்னு ஏமாந்துரக் கூடாது. வோல்ட்டு சின்னது, அதுல வர்ற ஆம்பியரு பெருசு." பெரியதையும் அவரே வேண்டாம் என்றார். உங்கள் வேலைக்கு அது அதிகம், ஒரு ஆம்பியருக்குக் கீழே அவ்வளவு நுணுக்கமாகவும் காட்டாது என்றார். விற்கிறவர் இப்படிச் சொல்வது எனக்குப் புதிது.

கறுப்பில் பத்து ஆம்பியருக்கும் ஃப்யூஸ் இருக்கிறது. எந்த அளவில் வைக்க வேண்டும் என்று நாம் குமிழைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். எண்கள் பெரிதாகத் தெரிகின்றன. கீழே போட்டாலும் தாங்கும்படி ரப்பர் உறை. ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு இடம் உண்டு. இரண்டு முனையையும் ஒயரின் இரண்டு பக்கமும் வைத்தால், ஒயர் நன்றாக இருந்தால் மீட்டர் கத்துமாம்.

குனிந்து பில் எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். பிறகு நிமிர்ந்து மறுபடி கேட்டார், பெயர் என்ன என்று. கலாமணி என்றேன். இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பேட்டரி 12.1. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் 14.2. அப்படியென்றால் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது, நிற்கும்போதுதான் இறங்குகிறது. தங்கராசு சொன்னது சரி. எண்களைப் பார்க்கப் பார்க்க ஒரு சந்தோஷம்.

ஆனால் மீட்டர் கத்தவில்லை. மீட்டரோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதுபோல் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்த்தேன். பத்து முறை பார்த்திருப்பேன். எண் வருகிறது, சத்தம் இல்லை. இந்த மீட்டரே கோளாறு.

ஜூலை 15, திங்கள்

ஸ்டார்ட் ஆகவில்லை.

சாயங்காலம் கடைக்குப் போனேன். ஷாநவாஸ் வாங்கிப் பார்க்கவேயில்லை, கூட்டம். வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

இதுவும் கத்தவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஷாநவாஸ் கடையில் இன்று கூட்டம் இல்லை. மீட்டரை என் முன்னாலேயே போட்டு, இரண்டு முனையையும் தொடவைத்தார். என்னைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி தொடவைத்தார். கடை ஓரத்தில் பல்பு வாங்க நின்றிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, கத்தல" என்றேன்.

ஷாநவாஸ் மீட்டரை வைத்துவிட்டு உள்ளே போனார். வேறொன்றைக் கொண்டுவந்தார். அதே கறுப்புதான், ஆனால் தலையில் ஒரு சிவப்பு விளக்கு. முனைகளைத் தொடவைத்ததும் விளக்கு எரிந்தது.

"ஒர்க் ஷாப்புல எரைச்சலா இருக்கும்ல, சத்தம் கேக்காது. அதுக்காக இப்பிடி ஒரு மாடல் வெச்சிருக்காங்க. நீங்க இத வெச்சுக்கங்கக்கா." மேற்கொண்டு காசு கேட்கவில்லை. நான் படி இறங்கும்போது முன்னால் வந்து நின்று, மில்லில் இருந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும், "எங்கம்மாவும் இருபது வருசம் மில்லுல இருந்தவங்கதான்" என்றார்.

எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நல்ல மனிதர்.

ஜூலை 21, ஞாயிறு

என்ன நடந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு வேன் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக் காலியிடத்துக்குப் போனேன். இவரும் கூட வந்தார். சாவியை எடுத்து, கதவெல்லாம் மூடி, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். சும்மா நிற்கும் வண்டியில் 0.05 ஆம்பியருக்கு மேல் வரக்கூடாது என்று தங்கராசு சொல்லியிருந்தார். 0.42 காட்டியது.

இவரை மீட்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். முதல் ஃப்யூஸ், 0.42. இரண்டாவது, 0.42. ஐந்தாவதைப் பிடுங்கினேன்.

"நின்னு போச்சு" என்றார்.

"எவ்வளவு காட்டுது?"

"0.02. அந்தச் சத்தமும் நின்னுருச்சு."

"எந்தச் சத்தம்?"

நான் ஃப்யூஸைச் செருகினேன். அவர் முகம் லேசாகப் பின்கதவுப் பக்கம் திரும்பியது. பிடுங்கினேன். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி செருகினேன், பிடுங்கினேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் மாறியது. எனக்கு ஒன்றுமே மாறவில்லை. காலியிடம் எப்போதும்போல அமைதியாக இருந்தது.

பின்கதவு சரியாக மூடவில்லை என்றால் கத்துவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. எடுக்கும்போது ஒரு பஸ்ஸர் வைத்தார்கள். பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, எஞ்சின் ஓடினால் வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்காது போல. கதவு சுவிட்ச் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதால், கதவு மூடியிருந்தாலும் அது கத்திக்கொண்டே இருக்கிறது. எத்தனை வாரமாகவோ. பதினொரு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தோடு நான் காலையும் மாலையும் ஓட்டியிருக்கிறேன்.

"உங்களுக்குக் கேட்டுட்டுதான் இருந்துச்சா?"

"பள்ளிக்கூட வண்டிக்கு அப்பிடித்தான் வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன் அம்மிணி."

பின்சீட்டைத் தூக்கி, காதைப் பஸ்ஸர் மேலேயே வைத்தேன். அப்போது கேட்டது. தொலைவில் எங்கேயோ ஒரு நூல் இழுபடுவதுபோல.

சீட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து எதிரில், முகம் தெரிகிற மாதிரி, தரையில் உட்கார்ந்தார். ஒரு வருடமாக எதிரில் வந்துதான் பேசுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எப்பத் தெரியும்?"

"போன வருசம் ஆனி மாசம். மழை வருது, துணிய எடுன்னு பின்னால நின்னு நாலு தடவ சொன்னேன். நீ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிட்டு இருந்தே."

"சொல்றதுக்கென்ன?"

"மில்லு மூடினப்ப ஆறு மாசம் செவுத்தப் பாத்து உக்காந்திருந்தே. வண்டி ஓட்டக் கத்துக்கிட்ட பொறவுதான் சிரிச்சே. இதச் சொன்னா வண்டிய விட்டுருவேன்னு பயந்துட்டேன்."

"பதினொரு கொழந்தைங்க உக்காந்திருக்காங்களே."

"அது என் தப்புதான்" என்றார்.

ஜூலை 22, திங்கள்

பஸ்ஸர் ஃப்யூஸைப் பிடுங்கிவைத்த வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. அணைத்துவிட்டு, சாவியை வீட்டில் மாட்டினேன். மயில்சாமியிடம் என் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பதினொரு வீட்டுக்கும் நடந்தே போனேன். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, நேற்றுத்தான் தெரிந்தது, டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்டமாட்டேன் என்று சொன்னேன். ஒரே வாக்கியத்தைப் பதினொரு தடவை. மூன்றாவது வீட்டுக்குப் பிறகு குரல் நடுங்கவில்லை.

சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர், இத்தனை நாள் இப்படியா என் பையனை அனுப்பினேன் என்று கேட்டார். கேட்கவேண்டியதுதான்.

தன்ஷிகாவின் அம்மா பிரேமலதா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "பாப்பா சொல்லிட்டேதான் இருந்தாங்க்கா. ஆன்ட்டிய எத்தன தடவ கூப்பிட்டாலும் திரும்பறதே இல்ல, என்மேல கோவமா இருக்காங்கன்னு. நாந்தான் வண்டி ஓட்டறப்ப கூப்பிடக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன்."

அங்கே அழவில்லை. தெருவுக்கு வந்த பிறகு அழுதேன்.

ஜூலை 23, செவ்வாய்

இவரோடு பேசவில்லை.

ஜூலை 24, புதன்

பேசவில்லை. இருந்தாலும் அவருக்குப் பிடித்த தட்டப்பயிற்றுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார். அவரும் பேசவில்லை.

ஜூலை 25, வியாழன்

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன், பொள்ளாச்சி போகோணும். காது டாக்டர்கிட்டப் பேர் எழுதி வெச்சுட்டேன்" என்றார். சரி என்றேன்.

ஜூலை 26, வெள்ளி

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முதலில் தூக்கினேன். பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அம்மா வரைபடத்தைக் காட்டினார். கோடு பாதிவரை சமமாக வந்து சடாரென்று இறங்கியது. தாழ்ந்த சத்தம் கேட்கிறது, கீச்சுச் சத்தங்கள்தான் போய்விட்டன. "குக்கர், பஸ்ஸர், கொழந்தைங்க குரல் இதெல்லாம் இங்க வரும்மா" என்று இறங்கிய இடத்தைத் தொட்டார். மில் இரைச்சல்தான் காரணமாம். மில்லுக்குள் யார் பேசினாலும் காதில் விழாது, வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தால் எனக்கே தெரியாமல் போயிருக்கிறது என்றார்.

போனது திரும்பி வராது. ஆனால் மிஷின் வைத்தால் கேட்கும். முதலில் வலது காதுக்கு ஒன்று. பழகி, மறுபடி பரிசோதித்து, கேட்கிறது என்று தெரிந்தால் ஓட்டலாம் என்று எழுதித் தருவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது இவர் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வண்டி ஓட்டாத நாட்கள் நீளமானவை. கதவு சுவிட்ச்சை மாற்றினேன். ஒயர் ஒரு இடத்தில் அரித்திருந்தது. மீட்டரில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியவில்லை, புது ஒயர் போட்டதும் எரிந்தது. பின்கதவைத் திறந்து மூடிப் பார்க்கும்போது இவர் தூரத்தில் நின்று கையைத் தூக்கித் தூக்கி இறக்கினார். திறந்தால் கத்துகிறது, மூடினால் நிற்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

மிஷின் வந்தது. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய பேட்டரி அதற்கு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீட்டரில் வைத்துப் பார்த்தேன். 1.41. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பின் கடைசியில் ஒரு கீச்சுச் சத்தம் வருகிறது. மறந்தே போயிருந்தேன்.

தட்டு வைத்தால் அறைவதுபோல் இருக்கிறது. பேப்பரைத் திருப்பினால் சகிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டேன். நாளைக்கு இரண்டு மணி நேரம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டாக்டர் எழுதித் தந்துவிட்டார். இனி மிஷின் இல்லாமல் சாவியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். நானே அதைப் பக்கத்தின் அடியில் எழுதச் சொன்னேன், பெற்றோர்களிடம் காட்டுவதற்கு.

செப்டம்பர் 2, திங்கள்

ஒன்பது பிள்ளைகள். இரண்டு பேர் மயில்சாமி வண்டியிலேயே இருந்துகொண்டார்கள்.

ஸ்டார்ட் ஆனது. என் வண்டிப் பிள்ளைகள் மாதிரி சத்தம் போடுகிற பிள்ளைகள் உடுமலையிலேயே கிடையாது. தலை வலித்தது. சிக்னலில் நின்றபோது தன்ஷிகா "ஆன்ட்டி" என்றாள். உடனே திரும்பினேன். அவளுக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. திரும்புகிறேனா என்று பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு தடவை கூப்பிட்டாள். வண்டியை நிறுத்தும் இடத்திலெல்லாம் திரும்பினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மில்லில் எனக்கு அடுத்த ஃபிரேமில் இருந்தவள் ரங்கநாயகி. மகன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருடமாக யாரோடும் பேசுவதில்லை, புத்தி மந்தமாகிவிட்டது என்று மருமகள் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் போய்ப் பார்த்தேன். புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று வேனில் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போனோம். அதே கண்ணாடி அறை. அவள் விரல் ஒரு தடவைகூட எழும்பாது என்று நினைத்தேன், கடைசியில் இரண்டு தடவை எழும்பியது. மிஷின் வைக்கலாம் என்றார்கள்.

வரும் வழியில் ஒரு டீக்கடை ஓரம் புளியமரத்தடியில் நிறுத்தினேன். இவர் ஒரு பக்கெட் தண்ணீர் வாங்கி வண்டியின் முன்கண்ணாடியைக் கழுவ ஆரம்பித்தார். ரங்கநாயகி என் பக்கம் திரும்பி, "வெச்சா எப்படிடி இருக்கும்?" என்று கேட்டாள்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மிஷினைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, அவள் காதில் வைத்துவிட்டேன். டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார். வண்டிச் சாவியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் முதலில் பயந்து என் தோளைப் பிடித்தாள். பிறகு மெதுவாக விட்டாள். மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். அப்புறம் முன்கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே இவர் துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டிருந்தார். ரங்கநாயகியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"உங்க ஊட்டுக்காரரு பாடறாருடி" என்றாள். மில்லில் போலவே வாயசைவில் புரிந்தது.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு அசைவதுபோலத்தான் தெரிந்தது.

"நல்லாப் பாடறாரா?"

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இல்ல" என்றாள். "ஆனா நிறுத்தச் சொல்லாத."